எட்டாம் வகுப்பும் ஒரு டைரியும்

பிள்ளைகளுக்குச் சிறுகதை நடத்துவது பற்றி எழுதுங்களேன் என்று என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். 'நடத்துவது' என்ற சொல்லே எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் உறுத்தும். இலக்கணத்தை நடத்தலாம், செய்யுளை நடத்தலாம். கதையை வாசித்துத்தான் காட்ட முடியும். அதற்குமேல் என்ன செய்வது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்பதில்தான் வாத்தியாரின் வேலை இருக்கிறது.

1990களில் கோவில்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் கதைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். பாடத்தில் இல்லாத கதைகள். முதலில் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வாசித்தேன். கடவுள் ஓட்டலில் காபி குடிக்கிற இடத்தில் வகுப்பே சிரித்தது. மறுவாரம் கேட்டால் அந்தக் காபியைத் தவிர ஒன்றும் நினைவில்லை. அதுவும் நல்ல விஷயம்தான், சிரிக்கவாவது சிரித்தார்களே.

அடுத்து எடுத்தது கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. எழுதியவர் இடைசெவல்காரர் என்றதும் "நம்ம இடைசெவலா சார்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பஸ் போகிற ஊரில் பிறந்த ஒருவர் புத்தகத்தில் இருக்க முடியும் என்பதே அவர்களுக்குச் செய்தி. 1923இல் பிறந்தவர், 1970இல் இறந்துபோனார், அந்த ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு இதே பெயருள்ள தொகுப்புக்குக் கிடைத்தது என்றேன். அது காதில் விழவில்லை. கி. ராஜநாராயணனும் அதே ஊர், இருவரும் கூட்டாளிகள் என்றது விழுந்தது.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் பத்திரிகை வேலையில் இருக்கும் ஒருவர். தெருப் பிள்ளைகளெல்லாம் அவர் வீட்டுக்கு வந்து, அவர் கொண்டுவரும் புத்தகங்களுக்காகச் சண்டை போடுவார்கள். கதையைச் சொல்வதும் அவர்தான். எல்லாக் குழந்தைகளிடமும் பிரியமாக இருப்பதாகத்தான் அவர் நினைக்கிறார், நாமும் நம்புகிறோம். ஒருநாள் வசந்தாவுக்கும் சுந்தரராஜனுக்கும் ஆளுக்கொரு டைரி தருகிறார், அன்பாக ஒரு வரி எழுதி. கூட இருக்கும் சாரங்கனுக்கு இல்லை. பிறகு சாரங்கன் அவரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் போகிறார்.

எங்கள் பிள்ளைகளுக்கு முதல் தடங்கல் டைரி. உரக்கடையில் காலண்டர் கொடுப்பார்கள், அது தெரியும். நாளுக்கு ஒரு பக்கம் வெறுமனே விட்டிருக்கும் புத்தகம் என்றால், "அதுல என்ன சார் படிக்க?" என்றான் ஒருவன். மறுநாள் வீட்டிலிருந்த எல்.ஐ.சி. டைரி ஒன்றைக் கொண்டுபோய்க் கைமாற்றி விட்டேன். அதன் அட்டையைத் தடவிப் பார்த்த பிறகு, அதற்காக ஒரு பையன் ஏங்குவான் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டைரி கொடுக்கிற இடத்தோடு நிறுத்தி, "என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டேன். "ரெண்டுதான இருந்துச்சு, அவர் என்ன செய்வார்?" என்றான் முதல் பெஞ்சுக்காரன். "ஒரு பேனாவாச்சும் குடுத்திருக்கலாம்ல" என்று ஒரு பெண். "அவன் கேட்டிருக்கணும்." "கேட்டு வாங்குனா அது என்ன?" இப்படியே போயிற்று. கதை சொல்பவர் தன்னைக் கெட்டவன் என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை, ஆனாலும் பாதி வகுப்பு அவர்மேல் கோபமாக இருந்தது. சொல்லாத ஒன்றை எங்கிருந்து எடுத்தார்கள்? நான் கற்றுக்கொடுத்து வந்ததில்லை அது. பந்தியில் தன் இலையை மட்டும் பரிமாறுகிறவர் தாண்டிப் போவது எந்தப் பிள்ளைக்குத் தெரியாது?

அடுத்த வெள்ளி, கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். சாரங்கன் அவரை உட்கார வைத்து உபசரிக்கிறான். எதற்குக் கூப்பிட்டான் என்று அவருக்கே தெரியவில்லை. அங்கே புத்தகத்தை மூடிவிட்டு, ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, இனி அவன் என்ன கேட்பான் என்று எழுதச் சொன்னேன். பேர் போட வேண்டாம் என்றேன். பணம் கேட்பான் என்று நான்கைந்து பேர். அடுத்த வருசம் எனக்கும் தருவீங்களா என்று கேட்பான் என்று பலர். ஒரு பிள்ளை, ஒன்றும் கேட்க மாட்டான், அழுவான் என்று எழுதியிருந்தது.

ஒரு தாளில் மட்டும், எழுத்துப் பிழைகளோடு, 'அவனே ஒரு டைரி வாங்கி வச்சிருப்பான். அவங்களுக்கு எழுதுனத இதுலயும் எழுதச் சொல்லுவான்' என்று இருந்தது.

கதையில் நடப்பதும் அதுதான். பேர் இல்லாவிட்டாலும் கையெழுத்து எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சுப் பையன், பரீட்சையில் பாதித் தாள் காலியாக விடுகிறவன். அப்பா அம்மா திருப்பூரில், இவன் இங்கே பெரியப்பா வீட்டில். அந்த வீட்டில் இவன் வயதில் இரண்டு பிள்ளைகள், அவர்களும் எங்கள் பள்ளிதான். அந்தத் தாளை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "பாருங்க, இவன் சரியாச் சொல்லிட்டான்" என்று உயர்த்திக் காட்டுவது எந்த வாத்தியாருக்கும் கை துறுதுறுக்கிற காரியம். காட்டினால் இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று மற்றவர்கள் யோசிப்பார்கள். பெரியப்பா பிள்ளைகளும் யோசிப்பார்கள்.

பதிலை யாருக்கும் சொல்லாமல் முடிவை வாசித்தேன். சாரங்கன் டைரியை எடுத்து நீட்டுகிறான், என்ன எழுத என்று அவர் கேட்கிறார், பிரியமுள்ள சாரங்கனுக்குத் தந்த அன்பளிப்பு என்று எழுதும்படி அவனே சொல்கிறான். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. வகுப்பும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. பிறகு அந்தப் பேனாக்காரப் பெண் எழுந்து, "அவனே வாங்கி அவனே குடுக்கான். இது அன்பளிப்பா சார்?" என்றாள். எனக்குத் தெரிந்த பெரிய விமர்சகர்கள்கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. பதில் நான் சொல்லவில்லை. அவர்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் கடைசியில், "கருத்து எழுதிப் போடுங்க சார்" என்று நோட்டை விரித்தான். ஆறாம் வகுப்பிலிருந்தே நாம் பழக்கியதுதானே! பிறருக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று கரும்பலகையில் எழுதியிருந்தால் அந்தச் சண்டை அந்த நொடியே ஓய்ந்திருக்கும். "கருத்து கிடையாது, நோட்டை மூடுலே" என்றேன். இதற்கெல்லாம் எத்தனை மார்க் என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் பிறகு கேட்டார். சிரித்து வைத்தேன்.

மணி அடித்ததும் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். அவன் மட்டும் பையை மாட்டிக்கொண்டு மேஜைப் பக்கம் வந்து நின்றான்.

"அவர் எழுதுனாரா சார்?"

"புத்தகத்துல அதுக்கு மேல இல்லப்பா."

புத்தகத்தை ஒருமுறை பார்த்தான். "எழுதிருப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.