இரு கலக் கண்

கண்ணின் அமைப்பை ஆராயப் புகுந்தோரை அதன் நுட்பம் என்றும் மலைக்க வைத்துள்ளது. 1859இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலை வெளியிட்ட சாள்ஸ் டார்வினும் இதற்கு விலக்கல்லர். இத்தகைய உறுப்பு இயற்கைத் தேர்வினாற் படிப்படியாகத் தோன்றிற்று எனல் நம்பற்கரியதாகத் தோன்றும் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும், நிறப்பொருள் போர்த்த வெறும் நரம்பிலிருந்தே அப்படிகளைத் தொடங்கலாம் என அவர் காட்டினார். அத்துணை எளிய உறுப்பினாற் பயன் யாது? பாதிக் கண் எதற்கு உதவும்? இவ்வினாவுக்கு விடை கூறும் சான்றுகளுள் ஒன்று கடற்புழு ஒன்றின் குடம்பியிடத்தே உளது.

ஐரோப்பியக் கரையோரங்களில் வாழும் பிளற்றிநேரிசு துமெரிலி என்னும் புழு, வளர்ந்தபின் தலையில் இரு சோடிக் கண்களை உடையது. அதன் இளங்குடம்பியோ ஒரு மில்லிமீற்றரின் ஏறக்குறைய ஆறிலொரு பங்களவேயான உருண்டை. உடலைச் சூழ்ந்த பிசிர் வளையத்தால் நீந்துவது. அதன் கண்புள்ளிகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் கலங்கள் இரண்டே: ஒன்று ஒளிவாங்கிக் கலம், மற்றையது அதனைக் கிண்ணம்போற் கவிந்துள்ள நிறப்பொருட் கலம். ஒளிவாங்கி தனித்திருப்பின், ஒளி உண்டென்பதையன்றி அது வரும் திசையை உணராது. ஒருபுறத்தே நிழல் வீழ்த்தும் நிறப்பொருளே திசையை அறிவிக்கின்றது.

அவ்வறிவு செயலாகும் முறையை 2008இல் காஸ்பார் யேக்கெலியும் உடனாய்வாளரும் விளக்கினர். ஒளிவாங்கியின் நரம்பிழை அயலிலுள்ள பிசிர்க் கலங்களை நேரே சென்றடைகின்றது. ஒளிபட்ட பக்கத்துப் பிசிர்களின் வீச்சு மாறி, அங்கு நீரோட்டம் தளர்கின்றது. சுருளிப் பாதையில் நீந்தும் குடம்பி ஒளியை நோக்கித் திரும்புகின்றது. இடையே மூளையின் தீர்ப்பு எதுவும் வேண்டப்படவில்லை.

இப்புழுவின் மூளையில் வேறுவகை ஒளிவாங்கிகளும் உள என்பதை ஹைடல்பேர்க் நகர ஆய்வாளர் 2004இல் வெளிப்படுத்தினர். கண்புள்ளியின் ஒளிவாங்கி பூச்சிகளின் கண்ணிலுள்ளவற்றை ஒத்தது; மூளையிலுள்ளவையோ மனிதக் கண்ணின் கோல்களுக்கும் கூம்புகளுக்கும் உறவானவை. அவை ஊதாகடந்த கதிரை உணர்ந்து குடம்பியைக் கீழ்நோக்கிச் செலுத்துகின்றன என்பது 2018இல் தெளிவாயிற்று. வெவ்வேறு குலங்களுக்கே உரியவை என எண்ணப்பட்ட இருவகைக் கலங்களும் ஒரு சிற்றுடலில் தத்தம் தொழிலைச் செய்கின்றன.

ஆதலின், பாதிக் கண் எதற்கு என்னும் வினாவே பிழையானது. இக்குடம்பி உருவங்களைக் காண்பதில்லை. காணவேண்டிய தேவையும் அதற்கில்லை. ஒளியின் திசையை அறிதலே அதன் தேவை. அத்தேவைக்கு இரு கலங்களாலான அந்த உறுப்பு பாதிக் கண் அன்று, முழுக் கண்ணேயாம்.