கூடாரம் தெரிதல்

நால்வர் கூடாரம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குவோர் பின்னர் வருந்துவர். நால்வர் தோளோடு தோள் ஒட்டிக் கிடப்பதற்கான கணக்கே அது. பொதிகளுக்கு அதில் இடமில்லை. ஹோட்டன் சமவெளிக்குப் புறப்படவிருந்த அந்தக் குடும்பத்தின் தந்தை இதனை அறிந்திருந்தார். அறுவர் கூடாரமொன்றைக் கடைக்காரர் விரித்துக் காட்ட, ஒவ்வொன்றாய் வினவினார். 2000 மீற்றருக்கு மேற்பட்ட அச்சமவெளியில் தை, மாசி இரவுகளில் உறைபனி படிவதுண்டு. குளிருக்கு அஞ்சி வாயிலையும் சாளரத்தையும் இறுக மூடினாலோ, உறங்குவோரின் மூச்சே ஈரமாகித் துணியின் உட்புறத்திலிருந்து சொட்டும். இரட்டைத் துணியும் காற்றுவழியும் வேண்டப்படுவது இதனாலேயே.

தாயார் ஒன்றும் பேசவில்லை. குனிந்து, தரைவிரிப்பின் விளிம்பை மட்டும் விரல்களால் தடவிப் பார்த்தார். 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாமில், மழைவெள்ளம் புகுந்த கூடாரத்துள் கைக்குழந்தையை மடியிலிருத்தி விடியும்வரை விழித்திருந்தவர் அவர். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அக்குழந்தையே இன்று முகாமிடப் போவோம் என்று அடம்பிடித்த மூத்த மகன். இரண்டிற்கும் முகாம் என்ற ஒரே சொல் வழங்குவது விந்தையே.

"தம்பி, இந்த விளிம்பு ஒரு சாணாவது எழும்பி நிக்கோணும். வெள்ளம் கீழாலைதான் வரும்" என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் உள்ளே சென்று, தொட்டி போன்று தரை அமைந்த வேறொன்றை எடுத்து வந்தார். விலை ஏறக்குறைய இருமடங்கு. தந்தை பேரம் பேசவில்லை.