முன்பாரம், பின்பாரம்

ஆரணின்னா எல்லாருக்கும் பட்டுதான் ஞாபகம் வரும். அரிசிக்கும் பேர்போன ஊர் இது. அறுவடை நேரத்துல ரைஸ் மில்லுக்கு நெல் மூட்டை ஏத்திப் போற டிராக்டர்தான் ரோடு முழுக்க. அதைப் பற்றித்தான் இந்த இழை. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கலாம். காரணம் இருக்கு.

டிராக்டர் விபத்தில் வருபவர்களிடம் "எப்படி ஆச்சு?" என்று கேட்பேன். அடி எங்கே பட்டிருக்கும் என்பது அந்தப் பதிலில் பாதி தெரிந்துவிடும். பெரும்பாலும் ரெண்டு பதில்தான்.

"மேடு ஏறும்போது முன்சக்கரம் தூக்கிடுச்சு சார், ஸ்டியரிங் திருப்பினா திரும்பல."

"டிரெய்லரு ஆட்டிகினே வந்து வண்டியைப் பள்ளத்துல இழுத்துகினு போயிடுச்சு."

லோடு அதிகமான்னு கேட்டா, "இல்ல சார், எடை போட்டுத்தான் வந்தோம்." பொய் இல்லை. ஆனால் எடைச்சீட்டு மொத்த எடையை மட்டும்தான் சொல்லும். அந்த எடை வண்டியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாது.

பேரனுக்குக் கால் எலும்பு முறிந்து கூட்டி வந்த ஒரு பெரியவர், மாட்டு வண்டி ஓட்டியவர், எனக்கு விளக்கினார்: "முன்பாரம் ஆனா மாட்டுக் கழுத்து போயிடும். பின்பாரம் ஆனா நுகத்தடி தூக்கி, கயிறு தொண்டையை இறுக்கும். டிராக்டருக்கு மட்டும் வேற கணக்கா சார்?"

இல்லை, அதே கணக்குதான். ரெண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பங்கு கொக்கி மேல் இறங்குகிறது. கன்டெய்னர் லாரியில் இணைப்புத் தட்டு பின்அச்சுக்கு மேலேயே இருப்பதால் முன்பக்கம் தூக்காது. டிராக்டர் கொக்கியோ பின்சக்கரத்துக்கும் பின்னால். முன்பாரம் கூடினால் கொக்கி அழுந்தி முன்சக்கரம் லேசாகும். பின்பாரம் கூடினால் கொக்கி மேலே தூக்கப்பட்டு, பின்சக்கரப் பிடி குறையும், டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும்.

எடை மேடையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம்.

1. டிராக்டரை மட்டும் தனியாக எடை போடுங்க.

2. லோடு டிரெய்லரை மாட்டியபடியே, டிராக்டரின் நாலு சக்கரம் மட்டும் மேடையில் நிற்கட்டும். முதல் எடையைவிட எவ்வளவு கூடுதோ, அதுதான் கொக்கி மேல் உள்ள பாரம். கூடாமல் குறைந்தால் பின்பாரம். மூட்டையை முன்னால் தள்ளி அடுக்குங்க.

3. அப்படியே முன்சக்கரங்களை மட்டும் நிறுத்திப் பாருங்க. டிராக்டரின் சொந்த எடையில் 20 சதவீதமாவது அதில் இருக்கணும். 2,000 கிலோ டிராக்டர்னா 400 கிலோ. குறைந்தால் மூட்டையைப் பின்னால் நகர்த்துங்க, இல்ல இறக்குங்க.

கிளம்பும் முன் இடது, வலது பிரேக் பெடல் ரெண்டையும் சேர்த்துப் பூட்டிடுங்க. தனித்தனியா இருந்தா, அவசரத்துல ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு வண்டியைத் திருப்பிடும்.

இனி என் வேலை. மட்கார்டு மேல் உட்கார்ந்து வருபவர்தான் முதலில் விழுகிறார். டிரெய்லர் சக்கரம் அவர் மேல் ஏறுகிறது. இடுப்பெலும்பு உடைந்தால் வெளியே ரத்தமே தெரியாமல், உள்ளே லிட்டர் கணக்கில் போய்விடும். "நல்லாத்தான் பேசுறான்"னு ஆட்டோவில் உட்கார வைக்காதீங்க. அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்க. மட்கார்டில் யாரையும் ஏத்தாமல் இருப்பது அதைவிட நல்லது.

ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் சொந்தங்களுக்கு இதை அனுப்பி வையுங்க. அடுத்த லோடுக்கு எடை மேடை ஏறும்போதே இதையும் பார்த்துடலாம்.