வலையோடு வெட்டி எடு

பழமரத்து வலையில் சிக்கித் தொங்கும் வௌவாலைப் பார்த்ததும், கத்தரிக்கோலை எடுத்து நூலை அறுத்து அதைப் பறக்கவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இரக்கம் அதிகமுள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தோன்றும். சிட்னியில் அடிபட்ட வௌவால்களை மீட்டுப் பராமரிக்கும் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தது இதற்கு நேர்மாறு. நூலை அறுக்காதே. வௌவாலைச் சுற்றியுள்ள வலையைத் துண்டாக வெட்டு; வலையும் வௌவாலுமாகத் துணியில் சுற்றி எடுத்து வா.

காரணம் இறக்கையில் இருக்கிறது. இரவு முழுக்கத் திமிறியதில் மெல்லிய நைலான் நூல் விரல் எலும்புகளையும் சவ்வையும் இறுக்கியிருக்கும். இறுகிய இடத்துக்கு அப்பால் ரத்தம் சரியாகப் போயிருக்காது. ஆனால் காலையில் பார்க்கும்போது சவ்வு பளபளவென்று, ஒரு கீறலும் இல்லாமல்தான் இருக்கும். அவிழ்த்துவிட்டால் பறந்தும் போய்விடும். வீட்டுக்காரருக்கு ஓர் உயிரைக் காப்பாற்றிய மகிழ்ச்சி. சில நாள் கழித்து அந்தச் சவ்வு கறுத்து, விறைத்து, காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி உதிரத் தொடங்கும். அப்போது அந்த வௌவால் யார் கண்ணிலும் படாமல் ஏதோ ஒரு புதரடியில் கிடக்கும்.

என்னைக் கேட்டால், இந்த வேலையின் திறமை பாதிக்கு மேல் தீர்ப்பைத் தள்ளிப்போடுவதில்தான் இருக்கிறது. முதல் நாள் கண்ணில் படுவது முழுக் காயம் ஆகாது.

எங்களிடம் அதிகம் வருவது சாம்பல்தலைப் பழந்தின்னி வௌவால். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் வாழ்வது. கழுத்தைச் சுற்றிச் செம்பட்டை ரோமம். வளர்ந்தது முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். இறக்கையை விரித்தால் ஒரு மீட்டரைத் தொடும். நம் ஊர் ஆலமரங்களில் தொங்குகிற பெரிய வௌவாலுக்கு நெருங்கிய உறவு. பூச்சி தின்னும் சிறு வௌவால்கள்போல இது எதிரொலியை நம்பிப் பறப்பதில்லை. கண்ணும் மூக்கும்தான் வழிகாட்டி. அவ்வளவு நன்றாகக் கண் தெரிகிற பிராணி ஏன் வலையில் விழுகிறது என்று கேட்பார்கள். இருட்டில் மெல்லிய நூலும் ஒற்றைக் கம்பியும் தட்டுப்படுவதில்லை, அவ்வளவுதான். 2001 முதல் ஆஸ்திரேலிய மத்திய அரசின் சட்டப்படி இது அழிவை நோக்கிப் போகும் வாய்ப்புள்ள இனம்.

இதைத் தொட எல்லோருக்கும் அனுமதி கிடையாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உரிமம் பெற்ற வனவுயிர் மீட்பு அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். வௌவாலுக்கென்று தனிப் பயிற்சி வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி போட்டு, ரத்தத்தில் எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருப்பதாகச் சோதனைச் சீட்டு வேண்டும். 1996-இல் இங்குள்ள வௌவால்களில் கண்டறியப்பட்ட லிசா வைரஸ், ரேபிஸ் வைரஸின் பங்காளி. அது தொற்றி இறந்த மனிதர்கள் மிகச் சிலரே. ஆனால் நோய் வெளிப்பட்டபின் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. வௌவால் தலைக்குமேல் பறப்பதால் இது வந்துவிடாது. கடியும் கீறலும்தான் வழி. தடுப்பூசி போடாத ஒருவரை வௌவால் கடித்துவிட்டால், பெரும்பாலும் அந்த வௌவாலைக் கொன்று சோதனைக்கு அனுப்புவார்கள். காப்பாற்றப் போன கையே அதற்கு எமனாகிவிடும். இதைச் சொன்னால் மக்கள் சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறார்கள். ‘உங்களுக்கு ஆபத்து’ என்று சொன்னால் அவ்வளவாகக் கேட்பதில்லை.

சிட்னியின் டூங்காபி பகுதியில் ஓர் ஈழத்துப் பெரியவர். பின்வளவில் கொய்யா மரம், அதன்மேல் பெரிய கண்ணுள்ள வலை. விடியாத நேரம். நான் போய்ச் சேர்வதற்குள் ஏணி வைத்து ஏறியிருந்தார்.

“பாவம், கத்துது பிள்ளை. நான் எடுத்து விடட்டோ?”

“தொடாதீங்க ஐயா. உங்களைக் கீறிட்டா அதைக் கொன்னுடுவாங்க.”

மனுசர் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிட்டார். பிறகு டார்ச் பிடித்தது, துவாய் எடுத்துத் தந்தது, வலையை வெட்டும்போது கிளையை வளைத்துத் தந்தது எல்லாம் அவர்தான்.

பிடிப்பதில் முதல் காரியம் தலையைத் துணியால் மூடுவது. இருட்டானால் பாதிப் பயம் அடங்கிவிடும். அடுத்து, கடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். துணியின் ஒரு முனையைச் சுருட்டி வாயில் வைத்தால் அதைக் கவ்விக்கொண்டு நம்மை விட்டுவிடும். தடித்த தோல் கையுறை வேண்டுமா என்பதில் எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம் உண்டு. கடியைத் தடுக்கிற கையுறை தொடுவுணர்வையும் சேர்த்தே தடுக்கிறது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் அந்த மெல்லிய விரல் எலும்புகளைப் பிடிக்க எனக்குப் பிடிக்காது. தலையைப் பிடிக்கும் கைக்குத் தடித்தது, வேலை செய்யும் கைக்கு மெல்லியது என்று போட்டுக்கொள்வேன். மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கால் விஷயத்தில் மாற்றுக்கருத்து கிடையாது: கால் நகங்களைப் பிடித்து இழுக்கவே கூடாது. வௌவால் தொங்கும்போது அதன் உடல் எடையே கால் தசைநாரைப் பூட்டிவிடுகிறது. கீழே இழுத்தால் பிடி இன்னும் இறுகும். உடலைச் சற்று மேலே தூக்கிக் கொடுத்தால் தானாகத் தளரும்.

வலையைவிட முள்கம்பி கொடியது. பெரும்பாலும் வேலியின் மேல்கம்பிதான் வௌவாலைக் கொல்லும். காற்றடிக்கும் இரவில், பூத்த மரத்தைக் குறிவைத்துத் தாழப் பறக்கும்போது சவ்வு முள்ளில் மாட்டும். திமிறத் திமிற இறக்கை கம்பியைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். வேதனையில் கம்பியையே கடிக்கும். பல்லும் மேலண்ணமும் கிழிந்துவிடும். அதனால் இறக்கையைப் பார்க்கும் முன்பே வாயைப் பார்த்துவிட வேண்டும். இறக்கை தேறினாலும் வாய் போனால் அது எதைத் தின்னும்? முள்ளிலிருந்து பிரிக்க முடிந்தால் வழுவழுப்பான ஜெல் தடவி மெதுவாக நழுவவிடுவோம். முடியாவிட்டால் இருபுறமும் கம்பியை வெட்டி, கம்பித் துண்டோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவோம். மயக்கம் கொடுத்து அவர் எடுப்பார்.

வலி மருந்து, நீரேற்றம், தேவையென்றால் ஆன்டிபயாடிக் எல்லாம் அவர் பொறுப்பு. கூண்டுக்கு வந்தபிறகு பார்த்துக்கொண்டே இருப்பது எங்கள் பொறுப்பு. ஒரு வாரம், பத்து நாள். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் அதுவே சித்திரவதை. அளவோடு, இறக்கையை விரித்துப் பின்னாலிருந்து வெளிச்சம் காட்டிப் பார்ப்பேன். ரத்தக்குழாய்கள் தெரிந்தால் அந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது. செத்த பகுதி குளிர்ந்து, வறண்டு, நிறம் மாறியிருக்கும். அதன் எல்லை நாளுக்கு நாள் நகரும். நகர்வது நின்றபின்தான் எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியும்.

மறுபடி வளர்வதில் சவ்வு கெட்டிக்காரத்தனம் காட்டும். உடலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையிலுள்ள அகன்ற பரப்பில் விழுந்த ஓட்டைகள் சில வாரங்களில் மூடிக்கொள்வதைப் பார்க்கலாம். ஆனால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை, இறக்கையின் முன்விளிம்பாக ஒரு சிறு சவ்வு இருக்கிறது. அது அடியோடு போய்விட்டால் மீதி முழுதாக இருந்தும் பறக்க முடியாது. கட்டைவிரல்களையும் மறந்துவிடக் கூடாது. மரமேற அவைதான் வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது தன் மேலேயே படாமலிருக்க, கட்டைவிரல்களால் தொங்கித் தலையை மேலாக்கிக்கொள்ளும் பிராணி இது.

டூங்காபி வௌவாலுக்கு இறக்கையின் பின்விளிம்பில் ஒரு பகுதி உதிர்ந்தது. முன்விளிம்பு தப்பியது. “உங்கட வௌவால் எப்படி, பிள்ளை?” என்று பெரியவர் அவ்வப்போது போன் செய்வார். அது பெரிய கூண்டில் பறந்து தேறி, விடப்பட்டது.

தேறாதவற்றை மருத்துவர் ஊசி போட்டு உறங்க வைப்பார். கூண்டிலேயே வைத்து வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் இரவில் பல கிலோமீட்டர் பறந்து இரை தேடும் உயிரை வாழ்நாள் முழுக்கக் கம்பிவலைக்குள் தொங்கவிடுவது யாருடைய ஆறுதலுக்காக என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அக்டோபர் வந்தால் குட்டிகளின் காலம். ஆண்டுக்கு ஒரு குட்டிதான். முதல் சில வாரம் தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டே பயணம் செய்யும். மின்கம்பியில் அடிபட்டுச் செத்துத் தொங்கும் தாயின் இறக்கைக்குள் குட்டி உயிரோடு இருப்பதுண்டு. மின்சாரத்தை நிறுத்தாமல் நெருங்க முடியாது. மின் நிறுவன ஆட்கள் வரும்வரை அண்ணாந்து பார்த்தபடி நிற்பதும் இந்த வேலையில் சேர்த்திதான். கிடைத்த குட்டியைச் சூடேற்றிய பிறகே பால். குளிர்ந்த உடம்பு பாலைச் செரிக்காது. ஒரு துணிச்சுருளை அணைத்துக்கொள்ள வைத்து, இன்னொரு துணியால் இறக்கையோடு சுற்றி, வாயில் ஒரு ரப்பர் காம்பு கொடுப்போம். பால் குடிக்காத நேரத்திலும் காம்பு வாயில் இருக்க வேண்டும். தாயிடம் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு துணி காயப்போடும் ஸ்டாண்டில் தலைகீழாகத் தொங்கப் பழகும். எங்கள் வீட்டில் கோடைக்காலத்தில் அந்த ஸ்டாண்டில் துணி காய்வதில்லை. பழம் தின்ன ஆரம்பித்ததும் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். சுவரெல்லாம் ஆப்பிள் சக்கை.

சுமார் மூன்று மாதத்தில் பறக்கும். அதன்பின் மற்றக் குட்டிகளோடு பெரிய கூண்டு. மனித வாடை குறையக் குறைய நல்லது. கடைசியில் வௌவால் குடியிருப்பு ஒன்றின் அருகே உள்ள விடுவிப்புக் கூண்டில் சில காலம் வைத்து, ஒரு மாலையில் கதவைத் திறந்துவிடுவோம். திரும்பி வந்து தின்ன நினைப்பவற்றுக்காகச் சில நாள் பழம் வைப்பதும் உண்டு. ரப்பர் காம்பு கொடுத்து வளர்த்த கைக்கு இது கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை.

கோடை வெயிலைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. 42 டிகிரியைத் தாண்டினால் இவை கூட்டமாகச் செத்து விழும். 2018 ஜனவரி 7 அன்று சிட்னியின் பென்ரித் பகுதியில் 47.3 டிகிரி பதிவானது. அன்று காம்பெல்டவுனில் நூற்றுக்கணக்கில் இறந்தன, பெரும்பாலும் குட்டிகள். அதே ஆண்டு நவம்பரில் வடக்கே கெய்ர்ன்ஸ் வட்டாரத்தில், கண்ணைச் சுற்றி வெளிர் வளையமுள்ள வேறோர் இனத்தில் ஏறக்குறைய 23,000. வெயில் நாளிலும் பொறுத்திருப்பதே கடினமான வேலை. சீக்கிரமே மரத்தடிக்குள் ஓடினால் வௌவால்கள் மிரண்டு எழும்பும். அந்தச் சூட்டில் பறப்பதே அவற்றைக் கொன்றுவிடும். இறக்கையை விசிறும், மூச்சிரைக்கும், எச்சிலால் உடம்பை நனைக்கும், இறுதியில் அடிமரத்தில் இறங்கிக் கொத்தாகக் குவியும். எந்த நிலையில் தண்ணீர்த் தெளிப்பானோடு உள்ளே போவது என்பதை அனுபவசாலி ஒருவர் சொல்லும்வரை மற்றவர்கள் வெளியே நிற்போம்.

உங்களால் ஆகக்கூடியது சொல்கிறேன். வேலியில் முள்கம்பி தேவையென்றால் மேல்கம்பியையாவது முள்ளில்லாததாக மாற்றுங்கள். வௌவால் சிக்கியிருப்பதைக் கண்டால் நாயையும் பிள்ளைகளையும் தள்ளி நிறுத்திவிட்டு, தொடாமல், உங்கள் பகுதி வனவுயிர் மீட்பு அமைப்பை அழையுங்கள். பழமரத்துக்கு வலை வாங்குவதென்றால் அதன் கண் சிறியதாக இருக்கட்டும். விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண், நன்றாக இழுத்த நிலையிலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அளவுகோல் கையில் இல்லையென்றால் கடையிலேயே வலைக்கண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழைந்தால் அந்த வலையை வாங்காதீர்கள்.