மூன்று தடவை சொன்னார்

விசாரணை அறிக்கைகள் வாசிப்பது எனக்குப் பழக்கமாகிப் போன வேலை. துப்பாக்கிச் சூடு, குடிசை எரிப்பு, காவல் நிலையச் சாவு என்று எத்தனையோ வாசித்தாகிவிட்டது. எங்க சனங்க சொன்னது அவற்றில் 'கூறப்படுகிறது' என்று வரும். அதிகாரி சொன்னது 'தெரிய வருகிறது' என்று வரும். தமிழ் படித்தவளுக்கு இந்த வினைமுற்று வித்தியாசம் கண்ணை உறுத்தாமல் இருக்குமா?

கீழே உள்ளவன் சொன்னதை நொடிக்கணக்கோடு எழுதி வைத்திருந்த ஓர் அறிக்கையை அண்மையில் வாசித்தேன். 2010 மே 22 காலையில் துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் செத்துப்போனார்கள். விமானி அறைப் பேச்சைப் பதியும் பெட்டி கடைசி இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. அதில் 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூங்கியிருக்கிறார்.

அறிக்கையில் பாதி எனக்கு விளங்கவில்லை. அக்கா மகள் விமானி உரிமத்துக்குப் படிக்கிறாள். (வீட்டை அடமானம் வைத்துத்தான். அது தனிக்கதை.) அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

"சித்தி, ஓடுபாதைப் பக்கமிருந்து ரெண்டு ரேடியோக் கதிர் வரும். லோக்கலைசர் இடமா வலமான்னு சொல்லும். கிளைடு பாத் உயரத்தச் சொல்லும், 3 டிகிரி சரிவு. ரெண்டு முள்ளும் நடுவுல நின்னா வழி சரி. மேகத்துல ஒண்ணும் தெரியலன்னாலும் எறங்கிடலாம். ஆனா அந்த 3 டிகிரிக்கு மேல பொய்க் கதிரும் இருக்கும். அதப் புடிச்சாலும் முள்ளு நடுவுலதான் நிக்கும்."

"அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தூரத்தையும் உயரத்தையும் வச்சுத்தான். மைலுக்கு 300 அடி. 10 மைல்ல 3,000 அடி இருக்கணும். கணக்கு இடிச்சா முள்ள நம்பக் கூடாது."

மங்களூரில் அந்தக் கணக்கு இடித்தது. இரண்டு நாள் முன்பிருந்தே அங்கே ரேடார் வேலை செய்யவில்லை. அதனால் இறங்க அனுமதி வழக்கத்தைவிடக் கிட்டத்தில்தான் கிடைத்தது. விமானம் இருக்க வேண்டிய உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் வந்துகொண்டிருந்தது. பொய்க் கதிரைப் பிடித்திருக்கலாம் என்கிறது அறிக்கை. குறித்த உயரத்துக்கு வரும்போது வேகமும் சரிவும் நிலைப்படவில்லை என்றால் இறங்கக் கூடாது, மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும் என்பது விதி. அதற்குப் பெயர் 'கோ அரவுண்ட்'.

துணை விமானி அதைச் சொன்னார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. 'நிலைப்படவில்லை' என்றும் சொன்னார். தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவியும் திரும்பத் திரும்பக் கத்தியது. அதற்குப் பதவியும் இல்லை, சாதியும் இல்லை. அதன் பேச்சும் எடுபடவில்லை. இடையில் கோபுரத்திலிருந்து, கதிரில் சரியாக நிற்கிறீர்களா என்று கேட்கிறார்கள். 'ஆம்' என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியை அழுத்துகிறார். அவரும் ஆம் என்கிறார்.

இந்த இடத்தில் அறிக்கையை மூடிவைத்துவிட்டேன். தப்பு என்று சொன்னவன் வாயாலேயே சரி என்று சொல்ல வைப்பது! நான் தற்காலிக விரிவுரையாளராக இருந்த ஒரு கல்லூரியில் துறைக் கூட்டம் நடக்கும். பேசுங்கம்மா, தாராளமா பேசுங்க என்பார்கள். பேசுவேன். விடுதிப் பையன்களுக்கு வைக்கிற தனித்தட்டு பற்றி ஒரு முறை ஏழு நிமிஷம் பேசினேன். கூட்டக் குறிப்பில் 'ஒருமனதாக' என்று எழுதி, கையெழுத்துப் போட என்னிடம் நீட்டினார்கள்.

மறுநாள்தான் மீதியை வாசித்தேன். கேப்டன் இறங்குவதைக் கைவிடாததுதான் விபத்துக்கு நேரடிக் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. துணை விமானி தானே கோ அரவுண்ட் செய்யலாமா என்பது பற்றிய உத்தரவுகள் தெளிவாக இல்லை. ஒருவேளை அதனால்தான் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், விமானத்தைத் தன் கையில் எடுக்கவில்லை என்கிறது. வாய் இருந்தது, கைக்கு உத்தரவு இல்லை.

"புடுங்கியிருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"சும்மா பேசாத சித்தி. தரைக்குக் கிட்ட ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் இழுத்தா அதுவே ஆபத்து. மொதல்லயே எழுதி வச்சிருக்கணும். இப்பல்லாம் பல கம்பெனியில ரெண்டு பேர்ல யாரு கோ அரவுண்ட் சொன்னாலும் ஓட்டுறவரு செஞ்சே ஆகணும், வாதமே கெடையாது. ரெண்டு தடவ கூப்பிட்டும் பதில் வரலைன்னா அவரால முடியலைன்னு வச்சு நாம எடுத்துக்கணும்."

இந்த விதியெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1997 ஆகஸ்ட் 6 அன்று கொரியன் ஏர் ஜம்போ ஒன்று குவாம் தீவில் ராத்திரி மழையில் இறங்க வந்து குன்றில் மோதியது. அன்றைக்கு அங்கே கிளைடு பாத் கதிரே இல்லை. படிப்படியாக உயரத்தைப் பார்த்துப் பார்த்து இறங்கியிருக்க வேண்டும். கேப்டனோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கைவிடலாம் என்று துணை விமானி சொன்னது மோதலுக்குச் சில நொடிகள் முன்புதான். 228 பேர் போனார்கள். கேப்டன் செய்ததை மற்ற இருவரும் சரிவரக் கண்காணிக்கவில்லை, தட்டிக் கேட்கவில்லை என்று அமெரிக்க விசாரணை வாரியம் குற்றம் சொன்னது. கேட்டு வளர்ந்திருந்தால்தானே கேட்பதற்கு?

உரிமம் கிடைத்தாலும் இவள் பல வருஷம் வலப்பக்க இருக்கையில்தான் உட்கார வேண்டும். பயிற்சியில் அவள் குரல் எழும்பவில்லை என்று ஆசிரியர் சொன்னாராம். இப்போது சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று 'கோ அரவுண்ட் கேப்டன்' என்று கத்திப் பழகுகிறாள். கீழே துணி மடிக்கிற அக்கா, "இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா" என்கிறாள்.