கறுத்தக் களியில் அத்திவாரம்

மாரியில் முருங்கன் மண் காலைப் பிடித்தால் செருப்பைத் தராது. கோடையில் அதே மண் கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். அருவியாற்றுத் தண்ணீரைத் தேக்கத்தில் மறித்து நிரப்பும் கட்டுக்கரைக் குளத்தின் கீழே நெல் விளைவதற்கு இந்தக் கறுத்தக் களியும் ஒரு காரணம்: உள்ளே போன தண்ணீரை அது இலேசில் விடாது. வயலுக்கு வரமான இந்தக் குணமே வீட்டுக்கு வினையாகிறது. மண்ணியலாளர் இதைக் குருமுசோல் என்பார்கள்; இலங்கையில் முருங்கன், துணுக்காய்ப் பக்கங்களில் காணப்படும் மண்வகை. இதிலுள்ள களிக்கனிமம் தண்ணீரைத் தன் மெல்லிய படைகளுக்கிடையே இழுத்துப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். இந்த மண்ணில் வீடு கட்டும் மேசன்மார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

மடுத் திருவிழா முடிந்து மாரி தொடங்குவதற்கு இடைப்பட்ட வாரங்கள் அவர்களுக்கு ஓய்வில்லாத காலம். ஏ-14 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் கிறவல் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அலவாங்கால் களியைப் பெயர்க்க, இன்னொருவர் மண்வெட்டியால் அள்ளினார். காய்ந்த களி கட்டி கட்டியாகத்தான் வந்தது. தலைமேசன் அறுபதைத் தொடும் வயதுக்காரர். எல்லாரும் அவரைப் 'பெரியண்ணை' என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

"தம்பி, மேல்மண்ணைப் பாத்து ஏமாறக் கூடாது. உந்த வெடிப்பு எவ்வளவு ஆழம் போகுதெண்டு பாருங்கோ" என்று ஒரு கட்டுக்கம்பியை நிமிர்த்தி நிலவெடிப்பில் விட்டார். அவருடைய கை நீளத்துக்குக் கம்பி இறங்கியது. "இதுக்கும் கீழ போகவேணும். வெயிலும் மழையும் எட்டாத மண்ணிலதான் வீடு இருக்கோணும்."

கிடங்கின் அகலம் 2 அடி. மேலே வரப்போகும் சுவரோ 6 அங்குலக் கல்லில். ஏன் நாலு மடங்கு என்று கேட்டேன். "பாரம் பரவத்தான்" என்றார். உயர்தரப் பௌதிகவியலில் தகைப்பு என்று படித்தது அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது. விசையைப் பரப்பால் வகுத்தால் தகைப்பு. 3 மீற்றர் உயரமும் 15 சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்ட சீமெந்துக்கல் சுவர், ஒரு மீற்றர் நீளத்துக்குக் கிட்டத்தட்ட 900 கிலோ இருக்கும். அதை நேரே மண்ணில் நிறுத்தினால் ஒரு சதுர மீற்றருக்கு 6 தொன், அதாவது ஏறத்தாழ 60 கிலோபஸ்கால். கீழே 60 சென்ரிமீற்றர் அகலத்தில் கொங்கிரீட் பாதம் வைத்தால், பாதத்தின் சொந்தப் பாரத்தைத் தவிர்த்து, ஒன்றரைத் தொன். சுவரில் ஒரு கல்கூடக் குறையவில்லை. மண் உணரும் அழுத்தம் காற்பங்காகிவிட்டது.

இவ்வளவோடு கணக்கு முடிந்தால் முருங்கனில் வெடித்த சுவரே இருக்காது. பெரியண்ணை என்னைப் பக்கத்து வளவுக்குக் கூட்டிப்போனார். பல ஆண்டுகளுக்கு முன்பு வேறு யாரோ கட்டிய வீடு. யன்னலின் மேல்மூலையில் பிறந்த வெடிப்பொன்று, கல்லுக்குக் கல் சாந்தின் வழியே படிபடியாக ஏறி, கூரை மட்டத்தில் ஒரு விரல் அகலத்துக்கு விரிந்திருந்தது. "மாரிக்கு ஒட்டிப்போகும். கோடை வந்தா பழையபடி வாய் திறக்கும். எத்தினை தரம் பூசினாலும் நிக்குதில்லை" என்றார் வீட்டுக்கார அக்கா.

"சுவர் பாரத்தால வெடிக்கேல்லை, அக்கா. கீழ மண் ஏறி இறங்குது" என்றார் பெரியண்ணை.

சரியாகச் சொன்னார். 60 கிலோபஸ்கால் என்பது சதுர மில்லிமீற்றருக்கு 0.06 நியூற்றன், அந்த அமுக்கம் எந்தக் கல்லையும் நசுக்காது. ஆனால் இத்தகைய களி ஈரமாகி வீங்கும்போது மேல்நோக்கிக் கொடுக்கும் அழுத்தம் 100 கிலோபஸ்காலைத் தாண்டக்கூடும். மேலே இருப்பதோ 15, 20 கிலோபஸ்காலில் அழுத்தும் ஒரு தட்டு வீடு. மண் அதைத் தூக்கிவிடும். அதனால்தான் இம்மாதிரி மண்ணில் பாரமான கட்டடங்களைவிடச் சின்ன வீடுகளே அதிகம் அடிபடுகின்றன.

வீடு முழுவதும் ஒரே அளவில் ஏறி இறங்கினாலாவது தப்பலாம். நடுவில் நிலத்தைத் தளம் மூடியிருப்பதால் ஓரமண்தான் முதலில் காய்கிறது, முதலில் நனைகிறது. கோடையில் மூலைகள் இறங்க, சுவரின் மேற்பகுதி இழுபடுகிறது. மாரியில் மூலைகள் எழும்ப, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. கல்லும் சாந்தும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்கா. கூரிய மூலையில் தகைப்பு குவியும் என்பதை 1913இல் இங்கிலிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கணிதத்தால் காட்டினார். யன்னல் மூலையில் வெடிப்புப் பிறந்தது தற்செயல் இல்லை.

இந்த இடத்தில் பிரெஞ்சுக் கணிதர் கோஷியை நினைக்க வேண்டும். 1638இலேயே கலிலியோ, ஒரு கோலை இழுத்து அறுக்கத் தேவையான பாரம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்ததல்ல என்று எழுதியிருந்தார். கோஷி 1822இல் அதற்கும் மேலே போனார். திடப்பொருளுக்குள் எந்த இடத்திலும், எந்தத் திசையிலும் ஒரு வெட்டுமுகத்தைக் கற்பனை செய்யலாம். அந்த முகத்தின் இரு பக்கமும் ஒன்றையொன்று தள்ளுகின்றன, இழுக்கின்றன, அல்லது சறுக்க முயல்கின்றன. அந்த உள்விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பதே தகைப்பு. மேலே எத்தனை தொன் ஏறியிருக்கிறது என்பதோடு, உள்ளே எந்த முகத்தில் எந்தத் திசையில் இழுபடுகிறது என்றும் கேட்க வேண்டும். பெரியண்ணை கோஷியின் பெயரைக் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது, கம்பியில் இருந்தது.

வேலையிடத்துக்குத் திரும்பியபோது ஓர் இளைஞன் மரக்குற்றியில் அறைந்த இரும்புக் குச்சிகளுக்கிடையே கம்பியைக் கொடுத்து வளைத்துக்கொண்டிருந்தான். சதுர வளையங்கள் ஒன்றுபோல வந்து விழுந்தன. அவற்றுக்குள் 10 மில்லிமீற்றர் கம்பி நாலு ஓடுகிறது: மேலே இரண்டு, கீழே இரண்டு. அத்திவாரத்துக்கு மேல் வீட்டைச் சுற்றி வரப்போகும் பீமுக்கான கூடு அது.

"கீழ மட்டும் போட்டாக் காணாதோ?" என்றேன்.

"மற்ற ஊர்களில காணும். இஞ்ச ஒரு காலம் மேல இழுக்கும், ஒரு காலம் கீழ இழுக்கும். ரெண்டு பக்கமும் கம்பி வேணும் தம்பி."

10 மில்லிமீற்றர் கம்பியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 78 சதுர மில்லிமீற்றர். இன்றைய முறுக்குக் கம்பி சதுர மில்லிமீற்றருக்கு 500 நியூற்றன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். பெருக்கிப் பார்த்தால் ஒரு கம்பிக்கு 4 தொன் இழுவை. கொங்கிரீட்டோ அமுக்கத்தில் தாங்குவதில் பத்திலொரு பங்கைத்தான் இழுவையில் தாங்கும். அந்தக் குறையைக் கம்பி ஈடுசெய்கிறது. கூட்டுக்கு அடியில் சின்னச் சீமெந்துக் கட்டைகளை வைத்து நிலத்திலிருந்து உயர்த்தினார்கள். கம்பி மண்ணைத் தொட்டால் துருப்பிடிக்கும். துருத் தின்ற கம்பியில் பரப்புக் குறையும், அதே இழுவைக்குத் தகைப்புக் கூடும்.

பின்னேரம் பவுசர் வந்து கிடங்குக்குத் தண்ணீர் விட்டது. காய்ந்து சுருங்கிய மண்ணில் கட்டினால் முதல் மழைக்கே அது வீங்கித் தூக்கும். முன்கூட்டியே நனைத்தால் வீக்கத்தில் ஒரு பங்கு கட்டுமுன்னே தீர்ந்துவிடும். பிறகு அடியில் கிறவல் நிரப்பி இடிப்பார்கள். தமிழ்நாட்டின் கோவில்பட்டிக் கரிசலிலும் இதே மல்லுக்கட்டுதான். அத்தகைய மண்ணுக்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழாக விரியும் குத்துத்தூண்களை உருவாக்கியது. வெயிலும் மழையும் எட்டாத ஆழத்தைப் பிடிப்பதுதான் அங்கும் வழி.

இந்த மண்ணுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை இயங்கிய காலத்தில் அதற்கு வேண்டிய களி முருங்கனிலிருந்துதான் போனது. சுண்ணாம்புக்கல்லோடு சூளையில் வெந்த பிறகு, சுவரைப் பிரிக்கும் களி சுவரைச் சேர்க்கும் சீமெந்தாயிற்று.

தேநீர் வந்தபோது கூலியைப் பற்றிப் பேச்சுப் போனது. பெரியண்ணைக்கு இருந்த மனக்குறை கூலி அளவைப் பற்றியதல்ல. "மாபிளுக்கும் முகப்புக்கும் கேக்காமலே காசு வரும். பீமுக்கு ரெண்டு கம்பி கூடப் போடுவம் எண்டாத்தான் கணக்குப் பாப்பினம். மண்ணுக்குள்ள போற காசு ஆருக்கும் தெரியாதெல்லோ" என்றார்.

கட்டி முடித்த வீட்டில் வெடிப்பைப் பூசுவது தகைப்பைக் குறைக்காது. அதை மறைக்கும், அவ்வளவுதான். இந்த ஊரில் வீடு கட்டப் போகிறவர் மேசனிடம் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: பாதம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், பீமில் மேலும் கீழும் கம்பி உண்டா? இந்த மூன்றுக்கும் விலை பேசாமல் ஒப்புக்கொள்கிறவருக்கு மாபிளில் பேரம் பேசும் உரிமை தாராளமாக உண்டு.