‘அந்த நாள்’ பார்த்தோம், ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்

மாதம் ஒரு பழைய படம் என்று நாங்கள் நாலு பேர், எல்லோரும் ரிட்டையர் ஆனவர்கள், முத்தியால்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டில் கூடுகிறோம். இந்த மாதம் ‘அந்த நாள்’. 70 வருஷத்துக்கு முந்தைய படம் என்பதால் முடிவைச் சொல்லியே எழுதுகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு சமயத்தில் வந்த ஏவிஎம் படம். இயக்கம் வீணை எஸ்.பாலசந்தர். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது. படம் தொடங்கியதுமே சிவாஜி குண்டடிபட்டுச் சாகிறார்! அந்தக் காலத்து ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே சி.ஐ.டி. அதிகாரியாக வந்து விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், கூடப்பிறந்தவர், அவர் மனைவி, காதலி, கட்டிய மனைவி என்று ஐந்து பேர் மீது சந்தேகம். குரோசவாவின் ‘ரஷோமோன்’ போல ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வேறு வேறு ராஜன் வெளியே வருகிறான்.

கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயம். ராஜன் ரேடியோ இன்ஜினியர். தன் திறமையை இந்த நாடு மதிக்கவில்லை என்ற கோபத்தில் ஜப்பானுக்கு ரகசியம் விற்கிறான். கடைசியில் அவன் உயிர் போவது மனைவி உஷா கையால். பண்டரிபாயின் அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

சண்டை அதற்குப் பிறகுதான்.

ஒரு நண்பர் கேட்டார்: “எந்த நாட்டுக்குத் துரோகம்? அப்போ ஆண்டவன் வெள்ளைக்காரன். அதே அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூர்ல ஜப்பான் துணையோடதானே நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தை அறிவிச்சார்? மலேயாத் தமிழர்கள் எத்தனை பேர் அவர் படையில சேர்ந்தாங்க!”

நியாயமான கேள்வி. “நேதாஜி காசுக்கு ரகசியம் விக்கல சார்” என்றார் இன்னொருவர்.

அதுவரை பேசாமல் இருந்த நாலாவது நண்பர் சொல்தா குடும்பம். அவர் மெதுவாகச் சொன்னார்: “எங்கப்பா இந்தோசீனாவுல பிரெஞ்சுக்காரனுக்காகச் சண்டை போட்டவர். 1962ல பிரெஞ்சு நேஷனாலிட்டியே போதும்னுட்டார். சித்தப்பா இந்தியக் கொடி புடிச்சு அடி வாங்கினவர். ரெண்டு பேரும் ஒரே வீட்ல, ஒரே பந்தியில சாப்டாங்க. யாரை நான் துரோகின்னு சொல்றது?”

யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

வெளியூர் நண்பர்களுக்காக: ‘அந்த நாள்’ வெளியானபோது புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. அந்த வருஷம் அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர, 8 பேர் எதிராக. நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அதன்பின் இங்கே பிறந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. எத்தனையோ வீடுகளில் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். நண்பரின் அப்பா தேர்ந்தெடுத்தது ஒரு பாஸ்போர்ட்டை. அதனால் தெருவில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ராஜன் விற்ற ரகசியம் குண்டாகத் திரும்பி வந்தால் விழுவது வெள்ளைக்காரக் கவர்னர் தலையில் மட்டுமா? பக்கத்து வீட்டுக்காரர் தலையிலும்தான், உஷா தலையிலும்தான். ஆட்சி யாருடையதாக இருந்தால் என்ன, அதே ஊரில் வாழ்கிறவர்களுக்குச் செய்ததுதான் துரோகம் என்று படுகிறது. மதிக்கப்படாத திறமையின் வலி உண்மைதான். வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வலிக்கு ஊரைப் பலி கேட்க முடியாது.

நேதாஜியைப் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை. வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

உஷா செய்தது சரியா? பார்த்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.